ஒரு களிமண் உருண்டையும் ஒரு வேற்றுமை உருபும்

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் குறைத்திருக்கிறோம்.)

இன்னைக்குக் கதை ஜப்பான்ல நடக்குது. அங்க போறதுக்கு முன்னாடி, சென்னையில ஒரு சனிக்கிழமை காலையில எனக்கு நடந்த ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லிடறேன். இந்த எபிசோடே அங்கிருந்துதான் வந்தது.

ஆபீஸ்ல வருஷத்துக்கு ரெண்டு தடவை வாலண்டியரிங்னு கூட்டிட்டுப் போவாங்க இல்லையா, அந்த மாதிரி ஒரு நாள். அறிவுசார் குறைபாடு உள்ளவங்களுக்கான ஒரு மையத்துல மண்பாண்ட வகுப்பு. என் பக்கத்துல உட்கார்ந்தவருக்கு இருபத்தஞ்சு வயசு இருக்கும். அதிகம் பேசமாட்டார். யூடியூப்ல பார்த்த ஞானத்தை வச்சு, அவர் கையைப் பிடிச்சு, எப்படியோ ஒரு கிண்ணம் மாதிரி கொண்டு வந்துட்டேன். எனக்கு ஒரே பெருமை. போட்டோ எடுக்கலாம்னு போனை எடுக்கறேன், அவர் உள்ளங்கையை வச்சு ஒரே அமுக்கு. கிண்ணம் தட்டையாயிடுச்சு. மறுபடி உருட்டினார். மறுபடி அமுக்கினார். சிரிச்சார்.

"ஐயையோ, போச்சே"ன்னு என் வாயில வந்துடுச்சு. வகுப்பு நடத்துற அக்கா திரும்பிப் பார்த்துக் கேட்டாங்க: "ஏன் தம்பி, கிண்ணம் உங்களுக்குத்தானே வேணும்? அவர் கேட்டாரா?"

பதில் இல்லை என்கிட்ட. வீட்டுக்கு வந்து, இந்த மாதிரி வகுப்பெல்லாம் எங்கிருந்து ஆரம்பிச்சதுன்னு தேட ஆரம்பிச்சேன். ஆர்ட் தெரபின்னு தேடினா இங்கிலாந்து வருது. களிமண்ணைச் சேர்த்துத் தேடினா ஜப்பான்ல ஷிகான்னு ஒரு மாகாணம் வருது. அக்கா கேட்ட கேள்வியை அந்த மாகாணம் எழுபது வருஷமா தனக்குத்தானே கேட்டுக்கிட்டிருக்கு.

1946, ரெண்டு இடங்கள்

முதல்ல இங்கிலாந்தைச் சுருக்கமா பார்த்துடுவோம். ஆட்ரியன் ஹில்னு ஒரு ஓவியர். காசநோய் வந்து சானடோரியத்துல படுத்திருந்தப்போ, வரையறது தனக்கு உதவுதுன்னு உணர்ந்து, மத்த நோயாளிகளையும் வரைய வச்சார். 1942-ல 'ஆர்ட் தெரபி'ங்கிற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டு வந்தவர் அவர்தான். 1946-ல எட்வர்ட் ஆடம்சன்ங்கிற ஓவியர் சர்ரே பகுதியில இருந்த நெதர்ன் மனநல மருத்துவமனையில வேலைக்குச் சேர்ந்தார். அங்க நோயாளிகள் வரைஞ்ச படங்களை டாக்டர்கள் ஆய்வுக்குப் பயன்படுத்தினாங்க. ஒருத்தரோட மனசுக்குள்ள என்ன நடக்குதுன்னு எட்டிப் பார்க்க ஒரு ஜன்னல் மாதிரி.

அதே 1946, நவம்பர் மாசம். போர்ல தோத்துப்போன ஜப்பான். ரயில் நிலையங்கள்ல அப்பா அம்மா இல்லாத பிள்ளைங்க படுத்துக் கிடக்கறாங்க. சாப்பாட்டுக்கு ரேஷன். ஷிகா மாகாணத்துல பிவா ஏரிக்கரையில இருக்கற ஓட்சு நகரத்துல மூணு பேர் சேர்ந்து 'ஓமி காகுயென்'னு ஒரு இல்லம் திறக்கறாங்க. கஸுவோ இதொகா மாகாண அரசுல அதிகாரியா இருந்தவர், தத்துவம் படிச்சவர், அப்போ வயசு 32. மத்த ரெண்டு பேர், தாரோ இகெதாவும் இச்சிஜி தமுராவும், கியோட்டோவுல தொடக்கப்பள்ளி ஆசிரியர்களா இருந்தவங்க.

அவங்க ஒரு விஷயம் பண்ணாங்க. போர்ல அநாதையான பிள்ளைங்களையும் அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைங்களையும் ஒரே கூரைக்குக் கீழ வச்சாங்க. வேலை செய்யறவங்களும் குடும்பத்தோட அங்கேயே தங்கினாங்க. ஊழியர்களுக்கு மூணு விதி: இருபத்திநாலு மணி நேரமும் பிள்ளைங்களோட இருக்கணும், எளிமையா வாழணும், ஆராய்ச்சியை நிறுத்தக்கூடாது. 'வொர்க் லைஃப் பேலன்ஸ்' பத்தி எபிசோட் போட்ட நான் இதைப் படிச்சிட்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அந்த இல்லத்துக்கு வயித்துப் பிரச்சினை இருந்துச்சு. விவசாயம், கால்நடை, மரவேலைன்னு கைக்குக் கிடைச்சதையெல்லாம் பண்ணாங்க. அதுல ஒண்ணு மண்பாண்டம். அதாவது இங்க களிமண் சிகிச்சையா உள்ள வரலை. சோறு போடற தொழிலா வந்தது.

மண்ணோட குணம்

ஏன் ஷிகா? இதுக்கு விடை நிலத்தடியில இருக்கு. அந்த மாகாணத்தோட தென்கோடியில ஷிகராகின்னு ஒரு மலையூர். ஜப்பானோட ஆறு பழமையான சூளை ஊர்கள்ல ஒண்ணு. கடை வாசல்ல தொப்பி போட்டு, தொப்பையைத் தள்ளிக்கிட்டு நிக்குமே தனுகி பொம்மை, அது இந்த ஊர்ச் சரக்குதான். பல லட்சம் வருஷங்களுக்கு முன்னாடி பிவா ஏரி இப்ப இருக்கற இடத்துல இல்லை, தெற்கே இந்தப் பக்கம் இருந்தது. அது நகர்ந்து போனப்போ விட்டுட்டுப் போன வண்டல்தான் ஷிகராகி மண்.

வழுவழுன்னு இருக்கற மண் இல்லை அது. உள்ள பொடிப்பொடியா கல்லு கலந்திருக்கும். இது ஏன் முக்கியம்னா, மண்ணைச் சுடும்போது உள்ள மிச்சமிருக்கற ஈரம் ஆவியாகி வெளியே வரணும். மெல்லிசான கிண்ணம்னா சுலபமா வந்துடும். கையளவு திண்டா உருட்டி வச்ச உருண்டைன்னா ஆவிக்கு வழி கிடைக்காம சூளைக்குள்ளேயே வெடிச்சிடும், பக்கத்துல இருக்கறதையும் உடைச்சிடும். அதனாலதான் மண்பாண்ட வகுப்புல "மெல்லிசா பண்ணு, சமமா பண்ணு"ன்னு கத்துவாங்க. கரடுமுரடான மண்ணுல அந்தப் பொடிக் கல்லுங்களுக்கு நடுவுல இடைவெளி இருக்கறதால ஆவி போறதுக்கு வழி உண்டு. திண்டா, கோணலா, பெருசா பண்ணினதும் ஓரளவு தாங்கும். உங்க இஷ்டத்துக்கு எதையாவது செய்யலாம்னு ஒருத்தர்கிட்ட சொல்றதுக்கு, முதல்ல மண்ணு அதுக்குச் சம்மதிக்கணும். ஷிகராகி மண்ணு மத்த ஊர் மண்ணை விட அதிகமாவே சம்மதிச்சது.

களிமண்ணுல இன்னொரு வசதியும் இருக்கு. பேப்பர்ல கோடு போட்டா போட்டதுதான். மண்ணுல அன்டூ இருக்கு. காயறவரைக்கும் எத்தனை தடவை வேணும்னாலும் அழிச்சு முதல்லேர்ந்து ஆரம்பிக்கலாம். அதோட, பென்சிலைப் பிடிக்க விரல் ஒத்துழைக்கணும். மண்ணுக்கு உள்ளங்கை, முட்டி, முழங்கை, எது இருந்தாலும் போதும். குத்தினா அது பதில் சொல்லும்.

ரயில் தேநீர்

1952-ல தாரோ இகெதா ஷிகராகிக்கே போய் ஒரு இல்லத்துக்குப் பொறுப்பேத்தார். வளர்ந்த பிள்ளைங்களுக்குத் தொழில் பழக்கிக் கொடுக்கற இடம். பின்னாடி அதுக்கு ஷிகராகி காகுயென்னு பேர் வந்தது. அப்போ அந்த ஊர்ல ஹிபாச்சி, அதாவது வீட்டுக்குள்ள கரி போட்டுக் கை காயற மண் தொட்டி, வண்டி வண்டியா தயாராகிக்கிட்டு இருந்தது. சூளைகளுக்கு ஆள் தேவை. மண் சுமக்க, பிசைய, அடுக்க, மெருகு பூச. இல்லத்துல பழகின இளைஞர்கள் அந்தப் பட்டறைகளுக்கு வேலைக்குப் போனாங்க. ஊர்க்காரங்க வீடுகள்ல தங்கினாங்க. காலையில வேலைக்குப் போய் சாயங்காலம் கடைத்தெரு வழியா வீடு திரும்பற ஆட்களா ஆனாங்க.

இல்லத்துலயே அவங்க செஞ்ச பொருள்கள்ல ஒண்ணு எனக்கு ரொம்பப் பிடிச்சது. ரயில் பிளாட்பாரத்துல தேநீர் விக்கறதுக்கான சின்ன மண் குடுவை. வட இந்தியா போனா ஸ்டேஷன்ல குல்ஹட்ல டீ குடிப்போமே, கிட்டத்தட்ட அதுக்கு அண்ணன் முறை, மூடியோட. ஜன்னல் வழியா அதை வாங்கிக் குடிச்ச பயணிகள்ல எத்தனை பேருக்கு அது யார் கை பட்டதுன்னு தெரிஞ்சிருக்கும்?

இதை ரொம்ப இனிப்பாக்கவும் வேணாம். பட்டறைக்காரங்க எல்லாரும் புத்தராகி இவங்களைச் சேர்த்துக்கல. ஆள் பற்றாக்குறை, ஆர்டர் நிறைய, அதனாலயும்தான் கதவு திறந்தது. பிறகு வீடுகளுக்கு எண்ணெய் அடுப்பும் மின்சார ஹீட்டரும் வந்ததும் ஹிபாச்சி வியாபாரம் சரிஞ்சது. தேநீர்க் குடுவையை பிளாஸ்டிக் விழுங்கிடுச்சு. 'சம்பாதிக்கறதால உனக்கு மதிப்பு'ன்னு கட்டின வீட்டுக்கு அஸ்திவாரம் சந்தைதான். சந்தை நகர்ந்தா வீடும் ஆடும்.

அதே நாடு, வேற சட்டம்

இப்போ ஒரு கசப்பான இடம். ஓமி காகுயென் திறந்து ரெண்டு வருஷம் கூட ஆகலை, 1948-ல ஜப்பான் நாடாளுமன்றம் இனமேம்பாட்டுப் பாதுகாப்புச் சட்டம்னு ஒண்ணு கொண்டு வந்தது. 'தாழ்வான' சந்ததி பிறக்காம தடுக்கணும்ங்கிறது அதோட நோக்கத்துலயே எழுதியிருந்தது. அதன்படி ஏறக்குறைய 25,000 பேருக்குக் கருத்தடை அறுவை சிகிச்சை நடந்தது. அதுல சுமார் 16,500 பேர்கிட்ட சம்மதமே வாங்கலை. அறிவுசார் குறைபாடு உள்ளவங்களும் மனநோய் உள்ளவங்களும் அதுல நிறைய பேர். அந்தப் பகுதிகள் சட்டத்துலேர்ந்து நீங்கினது 1996-ல. ஆமா, விண்டோஸ் 95-க்கு அப்புறம். இது அரசியலமைப்புக்கு விரோதம்னு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது 2024 ஜூலை 3 அன்னைக்கு.

இதை ஏன் சொல்றேன்னா, இதொகாவும் நண்பர்களும் இந்தக் காத்துக்குள்ளதான் வேலை செஞ்சாங்க. "பாவம், இவங்களுக்கு ஏதாவது செய்யணும்"னு நினைச்ச நல்லவங்களும், "இவங்க பிறக்காம இருந்திருந்தா நல்லது"ன்னு நினைச்சவங்களும் ஒரே ஊர்ல, சில நேரம் ஒரே மண்டைக்குள்ளேயே இருந்தாங்க. இரக்கம் மட்டும் போதாதுன்னு இதொகா புரிஞ்சுக்கிட்டது அதனாலதான்னு நான் நினைக்கறேன்.

கு போய் ஐ வந்தது

1963-ல இதொகா பிவாகோ காகுயென்னு இன்னொரு இடத்தைத் தொடங்கினார். உடல் குறைபாடும் அறிவுசார் குறைபாடும் சேர்ந்து கடுமையா இருக்கற பிள்ளைங்களுக்கான இடம். உட்கார முடியாது, பேச முடியாது. எந்தக் காலத்துலயும் சூளையில வேலைக்குப் போகப் போறதில்லை. அப்போ இவங்களுக்கு என்ன மதிப்பு?

1965-ல வந்த அவரோட புத்தகத்தின் தலைப்பிலேயே பதில் இருக்கு. தமிழ்ல சொன்னா 'இந்தப் பிள்ளைகளை உலகின் ஒளியாக'. ஜப்பானிய மொழியிலயும் நம்மை மாதிரியே பெயர்ச்சொல்லுக்குப் பின்னாடி உருபு ஒட்டும். சாதாரணமா எல்லாரும் எப்படிச் சொல்லுவோம்? இந்தப் பிள்ளைகளுக்கு வெளிச்சம் கொடுங்கன்னு. நான்காம் வேற்றுமை, 'கு'. நம்ம கையில வெளிச்சம் இருக்கு, அவங்க இருட்டுல இருக்காங்க, கொஞ்சம் ஊத்துவோம். இதொகா அந்த 'கு'வை எடுத்துட்டு 'ஐ' போட்டார். பிள்ளைகளை ஒளியாக்குங்க. ஒளி அவங்க. பார்க்கத் தெரியாதது நமக்கு.

இங்கிலீஷ்ல இதை மொழிபெயர்க்க ஒரு பத்தி எழுதறாங்க. நமக்கு ஒரு உருபு போதும். பத்தாவதுல மனப்பாடம் பண்ணின வேற்றுமை உருபு வாழ்க்கையில முதல் தடவையா எனக்கு உதவினது இங்கதான்.

அவர் இன்னொண்ணும் சொன்னார். வளர்ச்சின்னா மேலே ஏறறது மட்டும் இல்லை, பக்கவாட்டுலயும் வளரலாம். ஒரு வயசுக் குழந்தையோட நிலையிலேயே வாழ்நாள் முழுக்க இருக்கப்போற ஒருத்தருக்கு, அந்த நிலைக்குள்ளேயே முடிவில்லாம அகலமாக இடம் இருக்கு. புது ஆள், புது சத்தம், புது ருசி, புது தொடுதல். நம்ம ஆட்களுக்கு வெர்ட்டிக்கல் ஸ்கேலிங், ஹொரிசான்ட்டல் ஸ்கேலிங்னு சொன்னா சட்டுனு புரியும். ஆனா உவமையை அங்கேயே நிறுத்திக்கணும், மனுஷன் சர்வர் இல்லை.

1968 செப்டம்பர்ல ஒரு பயிற்சி வகுப்புல பேசிக்கிட்டு இருக்கும்போதே இதொகா சரிஞ்சு விழுந்தார். மறுநாள் இறந்துட்டார். வயசு 54.

பாத்திரம் இல்லாத மண்

இதுக்கிடையில களிமண்ணுக்கு வேற ஒரு கதை நடந்துச்சு. கியோட்டோவுல இன்னொரு கஸுவோ, கஸுவோ யாகி. 1948-ல நண்பர்களோட சேர்ந்து சோதெய்ஷான்னு ஒரு குழுவைத் தொடங்கின பீங்கான் கலைஞர். 1954-ல அவர் செஞ்ச 'திரு சாம்சாவின் உலா'ங்கிற படைப்பு, சக்கரத்துல வனைஞ்ச வளையமும் குழாய்களும் ஒட்டின ஒரு உருவம். காஃப்காவோட கதையில பூச்சியா மாறின ஆளோட பேர் அதுக்கு. தண்ணி ஊத்த முடியாது, பூ வைக்க முடியாது. பானைன்னா எதையாவது பிடிக்கணும்ங்கிற ஆயிரமாண்டுப் பழக்கத்தை அது உடைச்சது.

இவர் 1950-கள்ல ஷிகாவோட இல்லங்களுக்குப் போய் மண்வேலையில ஈடுபட்டார். அவருக்கும் அந்தப் பிள்ளைங்களுக்கும் ஏன் ஒத்துப்போச்சுன்னு யூகிக்கறது கஷ்டம் இல்லை. தன் பானையிலேயே வாயை அடைச்சவர் ஒரு பிள்ளைகிட்ட போய் "கிண்ணம் எங்க?"ன்னு கேட்கமாட்டார். 1961-ல தமுரா பொறுப்பேத்த இச்சிபகு-ரியோங்கிற இல்லத்துல மண்வேலை முழுக்க விளையாட்டாவே நடந்தது. இதைச் செய்யின்னு யாரும் சொல்லலை. குத்தினாங்க, கிழிச்சாங்க, அடுக்கினாங்க, ஓட்டை போட்டாங்க. மிஞ்சினதைச் சுட்டாங்க.

பிவாகோ காகுயென்லயும் பின்னாடி ஒரு களிமண் அறை வந்தது. அங்க சிலர் மண்ணு மேல படுத்துப்பாங்க. சிலர் தண்ணி ஊத்திக் குழப்பிக்கிட்டே இருப்பாங்க. பல நாள் சுடறதுக்கு ஒண்ணுமே மிஞ்சாது. மண்ணு திரும்பத் தொட்டிக்கே போயிடும். என்னைக் கேட்டா, இந்த மொத்த வரலாறுலயும் ரொம்பக் கஷ்டமான, ரொம்ப முக்கியமான இடம் இந்த அறைதான். விற்க ஒண்ணுமில்லை, காட்ட ஒண்ணுமில்லை, 'முன்னேற்றம்'னு ரிப்போர்ட்ல எழுதறதுக்கும் பெருசா ஒண்ணுமில்லை. ஒரு ஆள் ஒரு மண்ணைத் தொட்டுக்கிட்டு இருந்தார், அவ்வளவுதான்.

வெனிஸ், அப்புறம் சகாமிஹாரா

2013. உலகத்தோட மிகப் பெரிய கலைக் கண்காட்சிகள்ல ஒண்ணான வெனிஸ் பியனாலே. அங்க சில களிமண் உருவங்கள். பேயா, விலங்கா, பாதி மனுஷனான்னு தெரியாத முகங்கள். உடம்பு முழுக்க சின்னச் சின்ன முள்ளு, ஒவ்வொண்ணும் விரல்ல உருட்டி ஒட்டினது. செஞ்சவர் பேர் ஷினிச்சி சவாடா. 1982-ல ஷிகாவுல பிறந்தவர், ஆட்டிசம் உள்ளவர், பேச்சு மிகக் குறைவு. அவர் போற மையத்துல ரொட்டி சுடற வேலையும் பார்த்துக்கிட்டே மண்ணுல இதைச் செஞ்சவர். இன்னைக்கு அவர் படைப்புகள் பல நாடுகள்ல காட்சிக்கு இருக்கு.

இதை வெற்றிக் கதையா முடிச்சிருந்தா எபிசோட் இங்கேயே முடிஞ்சிருக்கும். ஆனா மூணு வருஷம் கழிச்சு, 2016 ஜூலை 26 விடியற்காலையில, டோக்கியோ பக்கத்துல சகாமிஹாராவுல இருந்த ஒரு இல்லத்துக்குள்ள அங்க முன்னாடி வேலை பார்த்த ஒரு ஆளே புகுந்து, தங்கியிருந்த 19 பேரைக் கொன்னான். பேசித் தொடர்புகொள்ள முடியாதவங்க வாழறதுல அர்த்தமில்லைங்கிறதுதான் அவன் வாதம். இறந்தவங்க பேரைப் போலீஸ் வெளியிடலை. குடும்பங்கள் வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க. வெனிஸ்ல சுவர்ல ஒரு பேர் இருந்தது. இங்க அப்போ பத்தொன்பது பேருக்குப் பேரே இல்லை. ஒரே நாடு.

அப்போதான் அந்தக் களிமண் அறை எனக்குத் திரும்ப ஞாபகம் வந்தது. சம்பாதிச்சா மதிப்பு, சரி. மேதையா இருந்தா மதிப்பு, அதுவும் சரி. ரெண்டும் இல்லாதவங்க? சவாடாவைக் காட்டி "பாருங்க, இவங்களும் எவ்வளவு திறமை"ன்னு சொல்லும்போது நாம அந்தக் கொலைகாரனுக்குப் பதில் சொல்லலை. தேர்வு வைக்கலாம்னு ஒத்துக்கிட்டு, பாஸ் மார்க்கை மட்டும் குறைக்கறோம். பதில் சொன்னது மண்ணை எடுத்து மண்ணாவே திருப்பி வச்ச அந்த அறை.

நம்ம ஊருக்கு வருவோம். 2010-ல தமிழ்நாடு அரசு 'ஊனமுற்றோர்'ங்கிற சொல்லை விட்டுட்டு 'மாற்றுத்திறனாளிகள்'னு மாத்தினது. நல்ல மாற்றம், எத்தனையோ பேருக்கு அது மரியாதையைக் கொடுத்தது. ஆனா அந்தச் சொல்லுக்குள்ளேயும் 'திறன்' உட்கார்ந்திருக்கு. நாம பெயர்ச்சொல்லை மாத்தினோம். உருபு இன்னும் 'கு'தான்: மாற்றுத்திறனாளிகளுக்கு உதவி, மாற்றுத்திறனாளிகளுக்குப் பயிற்சி, மாற்றுத்திறனாளிகளுக்கு ஒரு சனிக்கிழமை. உதவியும் வேணும், பென்ஷனும் வேணும், சாய்தளமும் வேணும், அதெல்லாம் உரிமை. அதைக் கொடுத்ததோட நம்ம வேலை முடிஞ்சதுன்னு நினைக்கறதுலதான் சிக்கல்.

போன மாசம் அந்த வகுப்புக்கு மறுபடி போனேன். ஆபீஸ் ஏற்பாடு இல்லை, நானாவே. அதே ஆள். இந்தத் தடவை அவர் கையைப் பிடிக்கலை. என் முன்னாடி ஒரு உருண்டை, அவர் முன்னாடி ஒரு உருண்டை. அவர் அமுக்கினார், நானும் அமுக்கினேன். அவர் என் உருண்டையை எட்டிப் பார்த்துட்டு, தன் பெருவிரலை வச்சு அதுல ஒரு குழி போட்டார். சரியாத்தான் இருந்துச்சு. ஒன்றரை மணி நேரம் கழிச்சு எல்லா மண்ணையும் ஈரத்துணி போட்டு மூடி வச்சோம். போட்டோ எதுவும் இல்லை.

உங்க வீட்டுலயோ தெருவுலயோ இப்படி ஒருத்தர் இருந்து, அவங்களோட நேரம் செலவழிக்கறவங்களா நீங்க இருந்தா, எப்படிப் போகுதுன்னு எழுதுங்க. அவங்க என்ன கத்துக்கிட்டாங்கன்னு எழுத வேணாம். என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்கன்னு மட்டும் எழுதுங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.